சாணக்கியர் யார்? கதையில் வரும் ஆள், நூலை எழுதிய ஆள், பொன்மொழிகளின் ஆள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் யாராவது ஒருவருக்கு "அரசியல் சாணக்கியர்" பட்டம் கிடைத்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் "சாணக்கியர் சொன்னது" என்று காலையில் ஒரு பொன்மொழி வருகிறது. பட்ஜெட்டைப் பற்றி எழுதுபவர்கள் அர்த்தசாஸ்திரம் என்ற பழைய சமஸ்கிருத ஆட்சிக்கலை நூலை மேற்கோள் காட்டுகிறார்கள். இதற்கு நடுவில், சாணக்கியர் வாழ்ந்ததற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை என்று ஒரு வரலாற்றாசிரியர் சொன்னால் பெரிய சண்டை மூள்கிறது. ஒரு தரப்பு "அப்படியானால் அர்த்தசாஸ்திரத்தை எழுதியது யார்?" என்று கேட்கிறது. மறுதரப்பு "எல்லாமே கட்டுக்கதை" என்று ஒதுக்குகிறது.

இரண்டு தரப்பும் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல். நந்தர்களை வீழ்த்திச் சந்திரகுப்த மௌரியரை அரியணையில் ஏற்றியதாகக் கதைகள் சொல்லும் சாணக்கியர் ஒருவர். அர்த்தசாஸ்திரத்தின் ஆசிரியராக அந்த நூலே பெயர் சொல்லும் கௌடில்யர் இன்னொருவர். "சாணக்கிய நீதி" என்ற பெயரில் உலவும் அறிவுரைகளுக்குச் சொந்தக்காரராகச் சொல்லப்படுபவர் மூன்றாமவர். மூவரும் ஒரே ஆள் என்பது மரபான நம்பிக்கை. அது எப்போது, எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் காலவரிசை

அலெக்சாந்தர் சிந்துச் சமவெளிக்கு வந்தது கி.மு. 327–325. அப்போது கங்கைச் சமவெளியில் மகதத்தை ஆண்டவர்கள் நந்தர்கள், தலைநகர் பாடலிபுத்திரம், இன்றைய பாட்னா. கி.மு. 321 வாக்கில் சந்திரகுப்தர் நந்தர்களை அகற்றி மௌரிய ஆட்சியைத் தொடங்கினார். கிரேக்க அரசர் செலூக்கஸ் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டு மெகஸ்தனிஸ் என்ற தூதரை அனுப்பினார். சந்திரகுப்தருக்குப் பின் மகன் பிந்துசாரர், அவருக்குப் பின் அசோகர். கி.மு. 185 வாக்கில் மௌரிய ஆட்சி முடிந்தது.

சாணக்கியர் வாழ்ந்திருந்தால் இந்தக் கோட்டின் தொடக்கத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்திருக்க வேண்டும். அவரைப் பற்றி விரிவாகப் பேசும் நூல்கள் எல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை.

கதைகள் எங்கிருந்து வந்தன?

நான்கு மரபுகள் உண்டு. அவை விவரங்களில் நன்றாகவே மாறுபடுகின்றன.

1. பௌத்த மரபு. இலங்கையில் பாலி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சம், சாணக்கியர் என்ற அந்தணர் தன நந்தனைக் கொன்று சந்திரகுப்தருக்கு முடிசூட்டினார் என்று சுருக்கமாகச் சொல்கிறது. அதன் உரையான வம்சத்தப்பகாசினி கதையை விரிக்கிறது. தட்சசீலத்தைச் சேர்ந்த சாணக்கியர் பாடலிபுத்திரத்தில் நந்தனின் தானச் சாலைக்குப் போகிறார். அவருடைய அவலட்சணத்தைப் பார்த்து வெறுத்த அரசன் வெளியே தள்ளச் சொல்கிறான். சாணக்கியர் சபதம் செய்துவிட்டு மாறுவேடத்தில் தப்புகிறார். பிறகு, விளையாட்டில் அரசனாக நடித்துக்கொண்டிருந்த சிறுவன் சந்திரகுப்தனைக் கண்டு, வளர்த்தவனிடம் 1,000 காசு கொடுத்து வாங்கிப் பயிற்சி தருகிறார். அவர் தட்சசீலத்துக்காரர் என்ற செய்தி இந்த மரபிலிருந்து வருகிறது. "தட்சசீலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்" என்று இன்று சொல்வது அந்தச் செய்தியை ஊதிப் பெருக்கியது.

2. சமண மரபு. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரரின் பரிசிஷ்டபர்வன் இதை முழுமையாகத் தருகிறது. இங்கே சாணக்கியரின் பெற்றோர் சமணர்கள். குழந்தை முழுப் பற்களோடு பிறக்கிறது. அது அரசனாவதற்கான அடையாளம் என்று துறவிகள் சொல்ல, ஆட்சி தரும் பாவத்தில் மகன் சிக்கக் கூடாது என்று தந்தை பற்களை உடைத்துவிடுகிறார். இனி இவன் இன்னொருவனை முன்னே வைத்து ஆள்வான் என்கிறார்கள் துறவிகள். பிந்துசாரர் காலத்தில் சுபந்து என்ற அமைச்சரின் சூழ்ச்சியால் ஒதுக்கப்பட்டு, உண்ணாநோன்பு இருந்த நிலையில் எரிக்கப்பட்டு இறப்பதும் இங்கேதான் வருகிறது.

3. காஷ்மீர மரபு. 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சோமதேவரின் கதாசரித்சாகரத்திலும் க்ஷேமேந்திரரின் நூலிலும் சாணக்கியர் துணைப் பாத்திரம் மட்டுமே. காலில் குத்திய புல்லை வேரோடு தோண்டிக்கொண்டிருந்த அவரைச் சகடாலன் என்ற அமைச்சர் பார்க்கிறார். தன் பழியைத் தீர்க்க இந்தப் பிடிவாதக்காரரே சரியானவர் என்று அரண்மனைக்கு அழைத்துப் போகிறார்.

4. நாடக மரபு. விசாகதத்தரின் சமஸ்கிருத நாடகம் முத்ராராட்சசம் குப்தர் காலத்தையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. நந்தர்கள் வீழ்ந்த பிறகுதான் நாடகமே தொடங்குகிறது. நந்தர்களின் விசுவாசமான அமைச்சர் ராட்சசனைக் கொல்லாமல், முத்திரை மோதிரம், போலிக் கடிதம், ஒற்றர்கள் ஆகியவற்றைக் கொண்டு மடக்கிச் சந்திரகுப்தரின் அமைச்சராக்குகிறார் சாணக்கியர். பிறகு தான் விலகிக்கொள்கிறார். குடுமியை அவிழ்த்துப்போட்டுச் சபதம் செய்த சாணக்கியர் நம் மனத்தில் பதிந்திருப்பது பெரும்பாலும் இந்த நாடகத்தின் கைவண்ணம்.

இவை தவிர, கௌடில்யர் என்ற அந்தணர் நந்தர்களை அழித்துச் சந்திரகுப்தரை அரசனாக்குவார் என்று புராணங்கள் எதிர்காலத்தில் நடக்கப்போவதுபோல் ஓரிரு வரிகளில் சொல்கின்றன.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது சிறிய கரு: நந்த அரசன் ஓர் அந்தணரை அவமதித்தான், அவர் பழிவாங்கினார், சந்திரகுப்தர் அரசரானார். பிறந்த ஊர், பெற்றோர், சமயம், சந்திரகுப்தரை எங்கே கண்டெடுத்தார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் மரபுக்கு மரபு வேறு. ஒவ்வொரு சமயமும் அவரைத் தன் கதைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே "சாணக்கியரின் வாழ்க்கை வரலாறு" என்று ஒரே நூலில் தொடர்ச்சியாக எழுதியிருந்தால், எழுதியவர் இந்த நான்கிலிருந்தும் பிடித்ததை எடுத்துக் கோத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்துச் சான்றுகள் என்ன சொல்கின்றன?

அவரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் நிதானம் வேண்டும்.

மெகஸ்தனிஸ் சந்திரகுப்தரின் அரசவைக்கு வந்தவர். அவர் எழுதிய இண்டிகா முழுமையாகக் கிடைக்கவில்லை, பிற்காலக் கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் சாணக்கியரோ கௌடில்யரோ இல்லை. நூல் அரைகுறையாக இருப்பதால் இதை வைத்து மட்டும் "ஆளே இல்லை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ரோமானிய வரலாற்றாசிரியர் ஜஸ்டின் சந்திரகுப்தரின் எழுச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறார். அவர் சொல்வதில் அரசனின் கோபத்துக்கு ஆளாகித் தப்பி ஓடுபவர் சந்திரகுப்தரேதான். இந்தியக் கதைகளில் அந்த இடத்தில் சாணக்கியர் நிற்கிறார்.

அசோகரின் கல்வெட்டுகளில் சாணக்கியர் இல்லை. தன் பாட்டனின் பெயரையே அசோகர் அவற்றில் சொல்லவில்லை என்பதால் இதையும் பெரிதுபடுத்தக் கூடாது. குஜராத்தின் ஜூனாகத்தில் கி.பி. 150ஐச் சேர்ந்த ருத்ரதாமனின் கல்வெட்டு இருக்கிறது. சந்திரகுப்த மௌரியரின் அதிகாரி புஷ்யகுப்தர் அங்கே ஓர் ஏரியைக் கட்டியதை அது நினைவுகூர்கிறது. சந்திரகுப்தரின் ஆட்களில் ஒருவரைப் பெயரோடு சொல்லும் பழைய கல்வெட்டு அது. அங்கும் சாணக்கியருக்கு வேலை இல்லை.

தமிழில் இதற்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அகநானூற்றில் மாமூலனார் நந்தர்களின் பெருஞ்செல்வத்தையும், அவர்கள் பாடலியில் கங்கை நீருக்கடியில் மறைத்த நிதியையும் பாடுகிறார் (அகம் 251, 265). "வம்ப மோரியர்" என்று மௌரியர்களும் 251ஆம் பாட்டில் வருகிறார்கள். நந்தர், மௌரியர் இருவரின் புகழும் தெற்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் பாட்டுகளில் அவர்களை இணைக்கும் அந்தணரைப் பற்றிப் பேச்சில்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். சந்திரகுப்தருக்கு உதவிய ஓர் அந்தண ஆலோசகர் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தமக்குள் முரண்பட்ட சமயங்கள் எல்லாம் ஒரே பெயரை ஒரே நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு மேல் அவருடைய வாழ்க்கையில் எந்த விவரத்தையும் வரலாறு என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

அர்த்தசாஸ்திரம்: நூல் எப்படிக் கிடைத்தது?

நம்மில் பலர் நினைப்பதுபோல் இந்த நூல் இடையறாமல் கையில் இருந்து வந்ததல்ல. பழைய நூல்களில் அதன் பெயரும் சில மேற்கோள்களும் தெரிந்திருந்தனவே தவிர, முழு நூல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆய்வாளர்கள் கைக்கு வரவில்லை. 1905இல் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடியை மைசூர் அரசு கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி அது என்ன நூல் என்று அடையாளம் கண்டார். 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். பின்னர் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி தம் உரையோடு பதிப்பித்தார். கேரளத்தில் 12ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட பாஷாகௌடலீயம் என்ற உரையும் இருந்தது, மலையாள உரைநடையின் மிகப் பழைய நூல்களில் ஒன்று அது. தமிழில் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இதை மொழிபெயர்த்தார்.

பாடலிபுத்திரத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நூலைக் காப்பாற்றிக் கொடுத்ததில் தென்னாட்டுச் சுவடிகளுக்கும் தென்னாட்டுப் பண்டிதர்களுக்கும் இருக்கும் பங்கு இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

உள்ளே என்ன இருக்கிறது?

நூல் 15 அதிகரணங்கள் (பெரும் பகுதிகள்), 150 அத்தியாயங்கள், 180 பிரகரணங்கள் (பொருள்வாரித் தலைப்புகள்) என்று தன்னையே கணக்கிட்டுச் சொல்கிறது. முன்னோர் எழுதிய அர்த்தசாஸ்திரங்களைத் திரட்டி இது ஆக்கப்பட்டது என்று முதல் வரிகளிலேயே ஒப்புக்கொள்கிறது. பாரத்வாஜர், விசாலாட்சர், பராசரர், பிசுனர் போன்ற முன்னோடிகளின் கருத்தைச் சொல்லி, "இல்லை என்கிறார் கௌடில்யர்" என்று மறுத்து நகர்வது இதன் பாணி.

அடிப்படைக் கருத்துகள் சில:

1. அரசு ஏழு உறுப்புகளால் ஆனது: அரசன், அமைச்சு, நாடு, கோட்டை, கருவூலம், படை, நட்பு நாடு.

2. அண்டை அரசன் இயல்பாகவே பகைவன், பகைவனுக்கு அப்பால் இருப்பவன் இயல்பான நண்பன் என்று வட்டங்களாக அரசுகளைப் பார்ப்பது மண்டலக் கோட்பாடு. அயலுறவுக்கு ஆறு வழிகள்: சமாதானம், போர், சும்மா இருத்தல், படையெடுப்புக்குப் புறப்படுதல், வலியவனைச் சார்தல், ஒருவனோடு சமாதானமும் மற்றவனோடு போருமாக நடத்தல்.

3. அமைச்சர்களை அறம், பொருள், இன்பம், அச்சம் என்ற நான்கு வழிகளில் மறைமுகமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். 501ஆம் குறள் இதே நான்கையும் வைத்து ஆளைத் தேறச் சொல்கிறது, பரிமேலழகரும் அந்த நான்கு சோதனைகளை விளக்கியே உரை எழுதுகிறார். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. அரசியல் பேசிய எல்லோருக்கும் பொதுவான ஒரு மரபு அப்போது இருந்திருக்கிறது.

ஒற்றர் பற்றிய பகுதிதான் அதிகம் பேசப்படுகிறது. மாணவன், துறவி, குடியானவன், வணிகன், தவசி என்று வேடம் போட்டு ஓரிடத்தில் தங்குபவர்கள், ஊர் சுற்றுபவர்கள், நஞ்சிடுபவர்கள், பிச்சை ஏற்கும் பெண்துறவிகள் என்று வகை வகையாக வருகிறார்கள். ஆனால் நூலின் மிக நீண்ட பகுதி இரண்டாம் அதிகரணம், அது முழுக்க முழுக்க நிர்வாகம். கருவூலம், சுரங்கம், காடு, சுங்கம், எடை அளவு, நெசவு, மது, கப்பல், மாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி, அவருடைய கடமை, தவறினால் தண்டம். அரசுப் பணத்தைக் கையாடும் 40 வழிகளை அது பட்டியலிடுகிறது. நீரில் நீந்தும் மீன் நீரைக் குடிப்பது எப்படித் தெரியாதோ அப்படி அதிகாரி பணம் தின்பதும் தெரியாது என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த இடம் நெசவு அதிகாரியின் அத்தியாயம். கைம்பெண்கள், உடல் குறைபாடுள்ள பெண்கள், வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்கள் ஆகியோருக்கு நூல் நூற்கும் வேலை தரச் சொல்கிறது. நூற்ற நூலைக் கொடுக்க வரும் பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தாலோ வேறு பேச்சுப் பேசினாலோ அதிகாரிக்குத் தண்டம். கூலியைத் தாமதப்படுத்தினால் அதைவிடக் கூடுதல் தண்டம். சூழ்ச்சிக்காரர் எழுதிய சூழ்ச்சி நூல் என்ற எண்ணத்தோடு படிக்கத் தொடங்குபவர்கள் இப்படிப்பட்ட பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தென்னாட்டைப் பற்றியும் நூலுக்கு நல்ல அறிவு இருக்கிறது. முத்து கிடைக்கும் இடங்களில் தாமிரபரணியும் பாண்டிய நாடும் வருகின்றன. சிறந்த பருத்தித் துணி வரும் ஊர்களில் முதலில் நிற்பது மதுரை, பாண்டிய நாட்டு மதுரை என்றே உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். இமயத்துப் பாதை மேலா, தென்திசைப் பாதை மேலா என்ற விவாதத்தில் முன்னோர்கள் இமயப் பாதை என்கிறார்கள். கௌடில்யர் மறுக்கிறார்: கம்பளி, தோல், குதிரை தவிர, சங்கு, வைரம், மணி, முத்து, பொன் எல்லாம் தெற்கில்தான் மிகுதி என்கிறார்.

நூல் மௌரியர் காலத்தது அல்ல என்று ஏன் சொல்கிறார்கள்?

இன்றைய செய்திச் சண்டைகளின் மையம் இது. வாதங்களை வரிசையாகப் பார்ப்போம்.

1. நூலின் உள்ளே சந்திரகுப்தர், மௌரியர், பாடலிபுத்திரம் ஆகிய பெயர்கள் வரவில்லை. அது மனத்தில் வைத்திருப்பது பல அண்டை அரசுகளோடு போட்டி போடும் நடுத்தர அரசு. துணைக்கண்டத்தின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசின் நிலைமை அப்படியல்ல.

2. கோட்டை மதிலில் மரத்தைப் பயன்படுத்தக் கூடாது, மரத்துக்குள் தீ ஒளிந்திருக்கிறது என்கிறது அர்த்தசாஸ்திரம். மெகஸ்தனிஸ் பார்த்த பாடலிபுத்திரத்துக்கு 570 கோபுரங்களும் 64 வாயில்களும் கொண்ட மரவேலிதான் அரண். பாட்னாவில் புலந்திபாக் அகழாய்வில் அந்த மரக்கட்டுமானம் கிடைத்தும் இருக்கிறது. தலைமை அமைச்சர் இவ்வளவு திட்டவட்டமாக எழுதிய விதி அவருடைய சொந்தத் தலைநகரிலேயே இல்லை.

3. பவளம் கிடைக்கும் இடங்களில் அலெக்சாந்திரியாவைக் குறிக்கும் பெயர் வருகிறது. அந்தத் துறைமுகத்தின் வழியாக மத்தியதரைக் கடல் பவளம் இந்தியாவுக்குப் பெருவாரியாக வந்தது கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில். சீனப் பட்டும் நூலில் இருக்கிறது.

4. அரசாணை எழுதுவதற்கான அத்தியாயம் சமஸ்கிருத இலக்கணத்தை அடிப்படையாக வைத்துப் பேசுகிறது. மௌரிய அரசின் ஆணைகளாக நமக்குக் கிடைத்த அசோகர் கல்வெட்டுகளில் இந்திய மொழி பிராகிருதமே. அரசர்கள் கல்வெட்டுகளில் சமஸ்கிருதத்துக்கு மாறியது பின்னால்தான். 150ஆம் ஆண்டு ஜூனாகத் கல்வெட்டில், அர்த்தசாஸ்திரத்தில் வரும் வரிகளின் பெயர்கள் சிலவும் இருப்பது இங்கே கவனிக்கத் தக்கது.

5. மொழிநடை. தாமஸ் டிரௌட்மன் 1971இல் வெளியிட்ட ஆய்வில், சமஸ்கிருதத்தின் சிறு இடைச்சொற்கள் ஒவ்வொரு அதிகரணத்திலும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார். எழுதுபவர் தன்னை அறியாமல் கையாளும் சொற்கள் இவை. அதிகரணத்துக்கு அதிகரணம் எண்ணிக்கை மாறுவதால் பல கைகள் எழுதியவை சேர்ந்து நூலாயின என்ற முடிவுக்கு வந்தார். 2013இல் மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாட்ரிக் ஒலிவெல், கௌடில்யர் என்பவர் கி.பி. 50–125 வாக்கில் மூலத்தை எழுத, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 3ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையில் வேறொருவர் அதைச் சாத்திர வடிவில் திருத்திப் பெருக்கினார் என்கிறார்.

எதிர்த்தரப்பு பலவீனமானது என்று நினைக்க வேண்டாம். 1960களில் சுவடிகளை ஒப்பிட்டு மிகக் கவனமான பதிப்பைத் தந்த ஆர்.பி. காங்ளே, நூல் சந்திரகுப்தரின் அமைச்சர் எழுதியதே என்று வாதிட்டார். சாத்திர நூல்கள் பொதுவிதியைச் சொல்பவை, ஒரு குறிப்பிட்ட அரசின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்பது அந்தத் தரப்பின் முக்கிய வாதம். முதல் வாதத்துக்கு இது நல்ல பதில்தான். பவளத்துக்கும் சமஸ்கிருத ஆணைக்கும் இது பதிலாகவில்லை என்பது என் கருத்து. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் பிற்காலத்தையே ஏற்கிறார்கள்.

இருவரும் ஒருவரானது எப்படி?

நூலின் கடைசியில் ஒரு செய்யுள் வருகிறது: சாத்திரத்தையும் ஆயுதத்தையும் நந்த அரசர் கையில் இருந்த பூமியையும் பொறுக்கமாட்டாமல் மீட்டவர் எவரோ அவரே இந்தச் சாத்திரத்தைச் செய்தார். அடுத்த செய்யுள் விஷ்ணுகுப்தர் என்ற பெயரைச் சொல்கிறது. நூல் நெடுக ஆசிரியர் பெயர் கௌடில்யர், அந்தப் பெயரை நந்தர் கதையோடு கட்டும் முடிச்சு இந்த இறுதிப் பகுதியில் மட்டும் இருக்கிறது. இவை பிறகு சேர்க்கப்பட்டவை என்று கருதுபவர்கள் உண்டு.

குப்தர் காலத்திலிருந்து இணைப்பு உறுதியாகிறது. காமந்தகரின் நீதிசாரம் என்ற அரசியல் நூல் நந்தர்களை அழித்த விஷ்ணுகுப்தரை வணங்கி, அவர் அர்த்தசாஸ்திரக் கடலிலிருந்து நீதியமுதம் எடுத்ததாகச் சொல்கிறது. தண்டியின் சமஸ்கிருதக் கதைநூலான தசகுமாரசரிதம், விஷ்ணுகுப்தர் மௌரியருக்காக 6,000 சுலோக அளவில் சுருக்கி எழுதினார் என்கிறது. சமஸ்கிருத எழுத்தாளர் பாணபட்டருக்கு அர்த்தசாஸ்திரம் பிடிக்கவில்லை. கொடூரமான அறிவுரைகள் நிறைந்தது என்று தம் காதம்பரி என்ற கதைநூலில் கண்டிக்கிறார். புகழ்ந்தவர்களும் பழித்தவர்களுமாகச் சேர்ந்து, 7ஆம் நூற்றாண்டுக்குள் சாணக்கியர், கௌடில்யர், விஷ்ணுகுப்தர் என்ற மூன்று பெயர்களும் ஒரே மனிதரைக் குறிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. இந்த இணைப்பால் நூலுக்குக் கிடைத்த ஆதாயம் பெரியது: அரசை உருவாக்கிக் காட்டியவரே எழுதிய அரசியல் நூல் என்ற மதிப்பு.

பொன்மொழிகள் தனிக் கதை

சாணக்கிய நீதி, லகு சாணக்கியம், விருத்த சாணக்கியம் என்று பல தொகுப்புகள் இருக்கின்றன. மனைவி, மகன், நண்பன், செல்வம், கல்வி பற்றிய செய்யுள்கள் அவை. ஒரு தொகுப்பில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. பல செய்யுள்கள் மகாபாரதத்திலும் பஞ்சதந்திரத்திலும் வேறு நூல்களிலும் அப்படியே உண்டு. லுட்விக் ஸ்டெர்ன்பாக் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான சுவடிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டு, இவை வெவ்வேறு மரபுகளாகப் பிரிந்து வளர்ந்தவை என்று காட்டினார். ஊரில் புழங்கிய நல்ல செய்யுள் எதுவானாலும் அறிவுக்குப் பெயர்போன ஒருவர் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் இது. ஔவையார் பெயரிலும் நமக்கு இது பழக்கமான விஷயம்தான். பெண்களைப் பற்றி இழிவாகச் சொல்லும் சில வரிகளை எடுத்து "சாணக்கியரே சொன்னார்" என்று பரப்புபவர்கள், அவை அர்த்தசாஸ்திரத்தின் வரிகள் அல்ல என்பதைச் சொல்வதில்லை. இணையத்தில் இன்று உலவும் பல "பொன்மொழிகள்" இந்தத் தொகுப்புகளிலும்கூட இருப்பவை அல்ல.

இதனால் எதெல்லாம் மாறுகிறது?

முதலாவது, வரலாற்றுப் பாடம். தலைமை அமைச்சருக்கு ஆண்டுக்கு 48,000 பணம் (பணா என்ற வெள்ளி நாணயம்), கடைநிலை ஊழியருக்கு 60 பணம் என்று அர்த்தசாஸ்திரம் ஊதியப் பட்டியல் தருகிறது. பல நூல்களில் இது "மௌரியர் கால ஊதியம்" ஆகிவிட்டது. இது ஓர் அரசியல் அறிஞர் வகுத்த திட்டம். இவ்வளவு எந்த அரசன் கொடுத்தான் என்பதற்கான கணக்குப் புத்தகம் அல்ல. வரி, சுங்கம், ஒற்றர் வலை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மௌரிய நிர்வாகத்துக்கு அசோகர் கல்வெட்டுகளும் அகழாய்வும் மெகஸ்தனிஸும் முதல் சான்றுகள்.

இரண்டாவது, நவீன அரசியல். 1909இல் நூல் அச்சானபோது தேசிய இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இந்தியர்களுக்கு வேதாந்தம் தெரியும், ஆட்சிக்கலை தெரியாது என்ற ஏளனத்துக்கு இந்த நூல் நேரடிப் பதிலாக அமைந்தது. அந்த உற்சாகத்தில் நூலை அப்படியே மௌரியப் பேரரசோடு ஒட்டிவிட்டார்கள், அந்த ஆர்வம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 1937இல் மாடர்ன் ரிவ்யூ இதழில் "சாணக்கியா" என்ற புனைபெயரில் நேருவைக் கடுமையாக விமர்சித்த ஒரு கட்டுரை வந்தது, எழுதியவர் நேருவே. ராஜாஜியையும் சாணக்கியர் என்றே பலர் அழைத்தார்கள். தில்லியில் தூதரகங்கள் இருக்கும் பகுதிக்குச் சாணக்கியபுரி என்று பெயர்.

நூல் சொல்லும் ஆலோசகர் யார்?

"சாணக்கியர்" என்ற பட்டத்துக்கும் நூலுக்கும் இடையில் ஒரு முரண் இருக்கிறது, அது போதிய கவனம் பெறவில்லை. கதைகளில் வரும் சாணக்கியர் தனியாள். அவர் ஒருவர் சொல்வதைச் சந்திரகுப்தர் கேட்கிறார். அர்த்தசாஸ்திரம் அப்படி ஓர் ஏற்பாட்டை ஏற்பதே இல்லை. ஒரே ஆலோசகரோடு கலந்தால் கடினமான விஷயங்களில் முடிவுக்கு வர முடியாது, அந்த ஒருவரும் கட்டுப்பாடில்லாமல் நடப்பார் என்கிறது. இருவர் என்றால் சேர்ந்துகொண்டு அரசனைக் கைக்குள் போடுவார்கள், இல்லையேல் சண்டையிட்டுக் காரியத்தைக் கெடுப்பார்கள். மூன்று, நான்கு பேர் என்றால் அந்த ஆபத்து அரிது என்பது கௌடில்யரின் கணக்கு.

எப்படிப்பட்டவரை அமைச்சராக்குவது என்பதில் ஏழு முன்னோர்களின் கருத்துகளை அடுக்குகிறார். கூடப் படித்தவர்கள் என்கிறார் ஒருவர். அவர்கள் மதிக்கமாட்டார்கள் என்று மறுக்கிறார் அடுத்தவர். ஆபத்தில் காப்பாற்றியவர்கள், வருவாயைப் பெருக்கியவர்கள், பரம்பரையாக வந்தவர்கள், புதியவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. கடைசியில் கௌடில்யர், எல்லாமே அததற்குப் பொருந்தும், வேலை செய்யும் திறனைக் கொண்டே ஆளின் தகுதியை எடை போட வேண்டும் என்று முடிக்கிறார்.

அரசன் சாகும் தறுவாயில் இருக்கும்போது அமைச்சர் என்ன செய்ய வேண்டும் என்ற விவாதமும் உண்டு. தானாக வரும் ஆட்சியை உதற வேண்டாம், அமைச்சரே கைப்பற்றலாம் என்கிறார் பாரத்வாஜர். கௌடில்யர் மறுக்கிறார்: அது மக்களைக் கொதிக்க வைக்கும், அறமல்ல, பலன் கிடைப்பதும் உறுதியில்லை. தகுதியுள்ள இளவரசனை அரசனாக்க வேண்டும். அப்படி ஒருவன் இல்லையென்றால் தகுதியற்ற இளவரசனையோ, இளவரசியையோ, கருவுற்ற அரசியையோ முன்னே நிறுத்தி, உயர் அதிகாரிகளைக் கூட்டி, "இவர் வெறும் கொடி, நீங்களே ஆள்பவர்கள், என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும் என்கிறார்.